வெறும் பாத்திரம்

1993 மார்கழி. நாங்கள் மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியேறி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டுக் கியூபெக் பெண்மணி கொட்டும் பனிக்குள் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தோடு வாசலில் நின்றார். எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. சிரித்தோம், வாங்கினோம். மேலே பொன்னிறத்தில் உருளைக்கிழங்கு, நடுவில் சோளம், அடியில் அரைத்த இறைச்சி. ஆட்டிறைச்சியாக்கும் என்று நினைத்தோம். அம்மம்மாகூட இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார்.

பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்த மூத்தவன் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இது பாட்டே ஷின்வா. பள்ளிக்கூடத்திலயும் குடுக்கிறவை. மாட்டிறைச்சி" என்றான்.

எங்கள் வீட்டில் மீன், கோழி, ஆடு எல்லாம் உண்டு. மாடு மட்டும் படி ஏறியதில்லை. அம்மம்மா எழுந்துபோய் முழுகினார். சாமிப் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றார். இரவு சாப்பிடவில்லை. நாங்கள் குற்றம் செய்தவர்கள்போல் குசினிக்குள் நின்றோம்.

விடிய அவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் சொல்லிப்போடாதையுங்கோ. பாத்திரத்தை வெறுமையாய்க் குடுக்கவும் கூடாது."

வடை சுட்டுக் கொடுப்போம் என்றோம். "உறைக்கும், அவவுக்கு ஏலாது. அவ சாப்பிடுறதையே செய்து குடுங்கோ."

அதற்கென்று ஒரு புதுத் தாச்சி வாங்கினோம். ஒரு இறாத்தல் அரைத்த மாட்டிறைச்சி, ஒரு கிலோ உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், ஒரு ரின் க்ரீம் சோளம், பட்டர், பால். கடைக்காரரிடம் 'பெஃப்' என்றால் மாடு, 'வோ' என்றால் கன்று, 'போர்' என்றால் பன்றி என்று அன்றுதான் கேட்டுப் படித்தோம். புதிதாக வந்திருப்போர் இந்த மூன்று சொல்லையும் முதல் கிழமையிலேயே பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

வெங்காயத்தை வதக்கி, இறைச்சியைக் கட்டியில்லாமல் உடைத்துச் சிவப்பு மாறும்வரை பொரித்தோம். உப்பும் மிளகும் மட்டும். மிளகாய்த்தூளுக்குப் போன கையை இழுத்துக்கொண்டோம். அரைத்த இறைச்சி அரைகுறையாக வேகக்கூடாது. முழுத்துண்டின் மேற்புறத்தில் இருக்கிற கிருமி, அரைக்கும்போது உள்ளுக்கும் கலந்துவிடும். நடுவில் 71 பாகை செல்சியஸ் சூடு ஏறவேண்டும். வடிந்த கொழுப்பை நாங்கள் கழுவுதொட்டிக்குள் ஊற்றினோம். அது குழாய்க்குள் உறைந்து, இரண்டு நாள் குளியலறையில்தான் பாத்திரம் கழுவினோம். நீங்கள் பழைய ரின் ஒன்றில் ஊற்றி, இறுகிய பிறகு குப்பையில் போடுங்கள்.

அவித்த கிழங்கை யார் மசித்தது என்று நினைக்கிறீர்கள்? அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் இருந்த அம்மம்மாதான், பருப்பு மத்தால். சூடு ஆறமுதல் பட்டரும் பாலும் விட்டு மசிக்கவேண்டும், ஆறினால் கட்டிபடும். அடியில் இறைச்சி, அதன்மேல் சோளம், அதன்மேல் கிழங்கு. இந்த ஒழுங்கை மாற்றினால் கியூபெக்காரர் சிரிப்பார்கள். மேற்பரப்பை முள்ளுக்கரண்டியால் கீறிவிட்டால் அந்த மேடுகள்தான் சிவந்து மொறுமொறுக்கும். இங்கத்தைய அவண்களில் பெரும்பாலும் பரன்ஹீட் கணக்கு. 375இல் அரை மணித்தியாலம் வைத்தோம். எடுத்தவுடன் வெட்டாமல் பத்து நிமிடம் விடுங்கள். மாடு சாப்பிடாத வீடுகளில் ஊறவைத்துப் பிழிந்த சோயாமீற் நன்றாகவே சரிவரும்.

பெயரில்தான் சீனம் இருக்கிறது. 2007இல் 'லு டுவ்வார்' நாளிதழ் இதையே கியூபெக்கின் தேசிய உணவென்று தெரிவுசெய்தபோது எங்களுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்மணி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பேசமுடியாமல் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கிழமை அதே பாத்திரம் திரும்பி வந்தது, நிறைய அப்பிள் பையோடு.

"வடிவாய்க் கேட்டுப்போட்டுத் தாங்கோ, இதுக்குள்ளை என்ன எண்டு" என்றார் அம்மம்மா.