வேலூர்க் கோட்டையில் இஸ்தான்புல்லின் நினைவு

சென்ற ஞாயிறன்று ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வேலூர்க் கோட்டைக்குச் சென்று, அகழியின் பாசிபடர்ந்த நீரில் கருங்கல் மதில் தலைகீழாய் நடுங்குவதை வெகுநேரம் பார்த்து நின்றபோது, இச்சுவர்களுக்கும் தூரதேசத்து இஸ்தான்புல் நகரத்துக்கும் உள்ள சம்பந்தம் என் சிந்தையை விட்டு அகலவேயில்லை.

1786-ஆம் வருஷம் மைசூர் மன்னர் திப்பு சுல்தான் ஒரு பெரும் தூதுக்குழுவை இஸ்தான்புல்லுக்குக் கப்பலேற்றி, ஆங்கிலேயருக்கு எதிராக உஸ்மானியச் சக்கரவர்த்தி முதலாம் அப்துல் ஹமீதின் துணையை நாடினார். தூது சென்றவர்களில் கொள்ளைநோய்க்கு இரையானவர் பலர்; கிடைத்தவையோ மரியாதையும் சன்மானமுமே, படையுதவி அன்று. பின்னர், நெப்போலியன் எகிப்தில் இறங்கிய கோபத்தில், அடுத்த சுல்தான் மூன்றாம் சலீம், பிரெஞ்சுக்காரரை நம்பவேண்டாம் என்றே திப்புவுக்குக் கடிதம் எழுதினார். 1799 மே 4-இல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. திப்புவின் புத்திரர்கள் கைதிகளாய் இக்கோட்டைக்கு வந்தனர்.

தோல் பதனிடும் ஊரில் பிறந்தவன் ஆதலால், 1806 ஜூலை 10-ஆம் தேதி இக்கோட்டையில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் செய்த புரட்சியின் காரணங்களில் ஒன்று என் நெஞ்சைத் தைக்கிறது: புதிய தலைப்பாகையில் தோலாலான குஞ்சம் அணிய வேண்டுமென்ற உத்தரவு. எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட அதே தோல், அன்று சிப்பாய்களின் சமயப்பற்றை அவமதிக்கும் சின்னமாயிற்று. திப்புவின் புலிக்கொடி கோட்டையில் ஏறியது சில மணி நேரமே. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயரின் குதிரைப்படை வந்து புரட்சியை அடக்கியது. பிறகு திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நண்பர்களே, வேலூர் வந்தால் ஜலகண்டேஸ்வரரைத் தரிசித்ததோடு திரும்பிவிடாதீர்கள்; கோட்டைக்கு அருகே திப்பு குடும்பத்தார் உறங்கும் சமாதிகளுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள்.