அலிபிரியில் தொலைந்த சாவி

திருமலைக்குப் படியேறிச் செல்லும் அன்பர்கள் தங்கள் மோட்டார் வண்டியை அலிபிரியில் நிறுத்திவிட்டு நடப்பது இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. மலைமேல் செல்ல 1944-ஆம் ஆண்டு முதல் மோட்டார்ப் பாதை உண்டு. 1974-இல் இரண்டாவது பாதையும் அமைந்தது. ஆயினும் வேண்டுதல் உள்ளவர்கள் 3,550 படிகளையும் காலால் அளந்தே ஏறுவர். மூட்டை முடிச்சுகளை அடிவாரத்தில் ஒப்படைத்தால் தேவஸ்தானத்தார் கட்டணமின்றி மேலே கொண்டு சேர்க்கிறார்கள். ஆகவே ஏறுகிறவர் கையில் மிஞ்சுவது ஒரு தண்ணீர்ப் பாட்டிலும், சட்டைப் பையில் கார்ச் சாவியுமே. அந்தச் சாவி வழியில் நழுவிவிட்டால் என்ன செய்வது? வெளியூரிலிருந்து குடும்பத்தோடு காரில் வரும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய விஷயம் என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

பெங்களூரில் குடியேறி வாழும் என் அத்தான் 2023-ஆம் ஆண்டு மாசி மாதம் தாயார், மனைவி, மகன் ஆகியோருடன் வந்திருந்தார். தரிசனம் முடிந்து, மொட்டைத் தலையில் சந்தனம் காயுமுன், மாலையில் பஸ்ஸில் அலிபிரிக்கு இறங்கினர். காரருகே வந்து பையில் கைவிட்டால் சாவி இல்லை. நான் ரேணிகுண்டாவில் வேலையாயிருப்பதால் எனக்குத் தொலைபேசி வந்தது. ஊருக்குள்ளிருந்து பூட்டுச் சாவி செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அவர் கதவின் துவாரத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தெலுங்கு கலந்த தமிழில், "கதவு திறந்து தரேன் சார். பல்லு வெட்டி சாவியும் தரேன். ஆனா இஞ்சின் எழும்பாது. சாவிக்குள்ளே ஒரு மூளை இருக்கு, அது என்கிட்டே லேது" என்றார். சொன்னபடியே கதவைத் திறந்து, உள்ளே இருந்த அத்தையின் மருந்துப் பையை எடுத்துக் கொடுத்தார். அதற்கு மட்டுமே கூலி வாங்கினார். முடியாததை முடியும் என்று சொல்லிப் பணம் பறிக்காத தொழிலாளியைக் காண்பது அரிது.

மாற்றுச் சாவி பெங்களூரில் அலமாரிக்குள் இருந்தது. வீட்டுச் சாவியோ தொலைந்த வளையத்திலேயே கோக்கப்பட்டிருந்தது. அத்தான் இரவு பஸ்ஸில் போய், வீட்டுப் பூட்டை உடைத்து, மாற்றுச் சாவியோடு மறுநாள் நண்பகலில் திரும்பினார். அன்று காலை பையனுக்கு இருந்த பரீட்சை போயிற்று. "போகட்டும் மாப்பிள்ளை, வண்டி கிளம்பிற்றே" என்று அவர் சொன்னபோது, கவலை தீர்ந்தது என்றே எல்லாரும் எண்ணினோம். தொலைந்த சாவி யார் கையிலோ இன்னும் உயிரோடிருக்கிறது என்பது அப்போது எங்கள் நினைவுக்கு வரவில்லை. அந்த வளையத்தில் கார் எண் பொறித்த வில்லை வேறு தொங்கிக்கொண்டிருந்தது!

முன்காலத்துக் கார்ச் சாவி வெறும் இரும்புத் துண்டு. 2014 வரை தயாரான அம்பாஸடர் வண்டிக்குத் தெருவோரத்தில் அரம் வைத்திருப்பவர் எவரும் சாவி ராவிக் கொடுத்துவிடுவார். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுக் கார்வெட் வண்டியின் சாவியில் சிறியதொரு மின்தடையைப் பதித்தார்கள். ஆனால் அதில் 15 அளவுகளே இருந்தமையால், பொறுமையுள்ள திருடன் ஒவ்வொன்றாய்ச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

இப்போதைய சாவியின் தலைக்குள் அரிசிமணி அளவில் ஒரு 'சிப்' இருக்கிறது. அதற்குப் பாட்டரி தேவையில்லை. சாவியை நுழைத்துத் திருப்பியதும், பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் ரேடியோ அலையால் அதற்குச் சக்தியூட்டுகிறது. உடனே கார் ஓர் எண்ணைச் சொல்லுகிறது. சிப் தன்னிடமுள்ள ரகசியத்தைக் கொண்டு அந்த எண்ணைக் கணக்கிட்டு விடை அனுப்புகிறது. ரகசியத்தை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. கேள்வியும் ஒவ்வொரு முறையும் வேறு. விடை தவறானால் இஞ்சின் எழும்பாது, அல்லது எழும்பி இரண்டொரு விநாடியில் அடங்கிவிடும். பெரியவர் 'மூளை' என்றது இதைத்தான். ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்கும், கனடாவில் 2007 முதலும் இத்தகைய காவல் சட்டப்படி கட்டாயமாயிற்று. அமெரிக்காவில் அப்படியொரு சட்டமில்லை. இந்தக் காவல் இல்லாமல் அங்கே விற்கப்பட்ட ஹூண்டாய், கியா வண்டிகளை 2021-22-இல் சிறுவர்கள் பூட்டைப் பெயர்த்து, யு.எஸ்.பி. முனையால் திருகியே கடத்திச் சென்றார்கள். 2023-இல் கம்பெனியார் மென்பொருளைத் திருத்திக் கொடுக்கும்படி ஆயிற்று.

எனவே புதுச் சாவி பெறுவது என்றால் இரும்பை வெட்டுவது மட்டுமன்று. அதன் ரகசியத்தைக் காரின் நினைவில் பதியவும் வேண்டும். ஒரு சாவியாவது கையிலிருந்தால் வேலை எளிது. எல்லாம் தொலைந்தால், வண்டியைக் கட்டியிழுத்துக் கம்பெனிப் பட்டறைக்குக் கொண்டுபோக நேரலாம். சில வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற நேரும். செலவும் ஆயிரக்கணக்கில் ஆகும். பதிவுப் புத்தகம், உரியவரின் அடையாள அட்டை, புது வண்டியோடு சாவி எண் பொறித்துத் தந்த சிறு தகடு ஆகியவற்றைக் கேட்பார்கள். சாவி காணாமற் போனது பற்றிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துச் சான்று பெறுவதும் நல்லது.

இங்கே என் உத்தியோக சம்பந்தமாக ஒரு வார்த்தை. ஒற்றை ரயில் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கிடையே செல்லும் வண்டிக்கு உலோக உருண்டை ஒன்றை டோக்கனாகக் கொடுக்கும் முறை நெடுங்காலம் வழங்கிற்று. ஒன்று வெளியே வந்துவிட்டால், அது திரும்ப இயந்திரத்தில் இடப்படும்வரை இரு முனை இயந்திரங்களும் இன்னொன்றை விடா. மோட்டார் காருக்கு இந்த ஜாக்கிரதை கிடையாது. புதுச் சாவியைப் பதிந்த பிறகும், பழையதை நாம் நீக்கச் சொல்லாவிட்டால், அதையும் எஜமானாகவே ஏற்கும். ஆகவே பட்டறையில் கேட்க வேண்டியது "புதுச் சாவி போடுங்கள்" என்பதோடு முடிவதில்லை. "தொலைந்ததை நினைவிலிருந்து அழியுங்கள்" என்றும் கேட்க வேண்டும். மீதமுள்ள சாவிகள் அனைத்தையும் கொண்டுபோனால் ஒரே வேளையில் முடித்துத் தருவார்கள். கதவுப் பூட்டு இரும்புப் பல்லுக்கும் திறக்குமாதலால், மனம் ஒப்பவில்லையெனில் அதையும் மாற்றலாம். அத்தான் அந்த வாரமே நினைவை அழிக்கச் செய்தார். வீட்டுப் பூட்டு முன்னமே உடைந்தது ஒருவகையில் நன்மையாயிற்று!

பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டிகளின் சாவியைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை. அந்தச் சௌகரியமே அபாயமும் ஆகும். ஒருவன் வீட்டு வாசலிலும் மற்றொருவன் காரருகிலும் கருவியோடு நின்று, இடையே அலையைக் கடத்தினால், சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். ஜூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-இலேயே 10 வகைக் கார்களில் இதைச் செய்து காட்டினர். அலை வரும் நேரத்தை அளந்து தூரத்தை அறியும் புதுச் சாவிகள் இப்போது சில வண்டிகளில் வருகின்றன. மற்றவர்கள் இரவில் சாவியை மூடியுள்ள எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு வைக்கலாம். ஆனால் சோதிக்க வேண்டும்: மூடிய சம்புடத்தோடு காரருகே போய்க் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள், திறந்தால் அந்தச் சம்புடம் ஊறுகாய்க்குத்தான் ஆகும்.

இத்தகைய சாவியில் பாட்டரி தீர்ந்ததைக் கண்டு சாவியே கெட்டதாக அஞ்சுவோரும் உண்டு. பெரும்பாலானவற்றின் உள்ளே சிறு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதனால் கதவைத் திறந்து, சாவியைக் கிளப்பும் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் பல வண்டிகள் கிளம்பிவிடும்.

கார் திருட்டுப்போய் நஷ்ட ஈடு கேட்கும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனியார் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். ஆதலால் ஒன்று தொலைந்த அன்றே அவர்களுக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். கூடுதல் பிரீமியத்துக்குச் சாவி மாற்றும் செலவை ஏற்கும் காப்பும் உண்டு. இரண்டாவது சாவியைப் பிரயாணத்தில் உடன்வரும் வேறொருவர் மடியில் வைக்கலாம். வீட்டுச் சாவியை அதே வளையத்தில் கோக்க வேண்டாம். பழைய கார் வாங்குவோர், விற்பவர் ஒரே சாவியை நீட்டினால், பணம் கொடுக்குமுன் பட்டறையில் கருவியைப் பொருத்தி, காரின் நினைவில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று பார்த்துக்கொள்வது அவசியம்.