விட்னி ஏற்றம்

அமெரிக்காவில் விசாவுக்குக் குலுக்கல், மலையேறவும் குலுக்கல். கலிபோர்னியாவின் விட்னி சிகரத்துக்கு (14,505 அடி) மே முதல் அக்டோபர் வரை நாளொன்றுக்கு இரவு தங்குபவர்கள் 60 பேர், அன்றே இறங்குபவர்கள் 100 பேர்தான். பிப்ரவரியிலேயே மனுப் போட வேண்டும். எங்கள் கூட்டத்தில் சீட்டு விழுந்தது, வாக்கிங் என்றாலே முகம் சுளிக்கும் நண்பருக்கு.

8,360 அடியில் இருக்கும் விட்னி போர்ட்டலிலிருந்து 12,000 அடியில் உள்ள டிரெயில் கேம்ப் வரை ஆறு மைல் சொச்சம். படத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. முதுகில் கூடாரம், அடுப்பு, கரடியால் திறக்க முடியாத பிளாஸ்டிக் டப்பா. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசையும் அதற்குள்தான் இருக்க வேண்டும். போதாததற்கு, மேலே 'போனதை' அடைத்துக் கீழே கொண்டுவர ஒரு பை. போனில் சொன்னபோது அம்மா கேட்டார்: "இதுக்காடா காசு செலவழிச்சுப் போறே?"

மிரர் ஏரியைத் தாண்டினால் மரங்கள் முடிந்துவிடும். அப்புறம் வெறும் பாறை, முழங்கால் உயரப் படிகள். கடல் மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. வார இறுதி முழுக்க வீட்டுக் கடன் வட்டியைப் பேசியே கழிக்கும் கூட்டம் வாயைத் திறக்கவில்லை. பத்தடி நடப்போம், கம்பை ஊன்றி நிற்போம். ஒரு நிறுத்தத்தில் நண்பர் என் பையைத் திறந்து கரடி டப்பாவை எடுத்துத் தன் பையில் திணித்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு மூச்சில்லை.

உட்கார்ந்திருந்தபோது முந்தின நாள் 395 நெடுஞ்சாலையோரம் பார்த்த மன்சனார் நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் 10,000 பேருக்கு மேல் அங்கே முள்வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலோர் இங்கேயே பிறந்த குடிமக்கள். அவர்களில் சிலர் இருட்டில் வேலிக்கடியில் நுழைந்து, காவலர் கண்ணில் மண்ணைத் தூவி, இதே சியெரா ஏரிகளுக்கு டிரவுட் மீன் பிடிக்க ஏறியிருக்கிறார்கள். 1945 கோடையில் மீன் பிடிக்கப் போனவர்களோடு சென்ற ஒருவர், ஓவியம் வரையப் பின்தங்கி, புயலில் மாட்டி இறந்தார். கிரீன் கார்டு கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நாங்கள் பேசிக்கொள்வது உண்டு. அவர்களில் பெரும்பாலோரிடம் பிறப்புச் சான்றிதழே இருந்தது. ஆனாலும் மலை வேண்டியிருந்திருக்கிறது, அதுவும் அனுமதிச் சீட்டு இல்லாமல்!

டிரெயில் கேம்ப்பில் கூடாரம் அடிப்பதற்குள் மார்மொட் என்ற மலை அணில் ஒன்று வந்து எங்கள் பைகளை முகர்ந்துவிட்டுப் போனது. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு எங்கே வேகும்? பொங்கல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவரே கடித்துக் கடித்துச் சாப்பிட்டார். மிளகும் நெய்யும் இருந்ததால் மற்றவர்களுக்கும் இறங்கியது. பாத்திரத்தை வழித்து முடித்ததும், "டப்பாவை நாளைக்கு நான் தூக்குறேன்" என்றேன்.

"தூக்கு, தூக்கு. பாதியைத் தின்னாச்சு, இனிமே கனமே இருக்காது" என்றார் நண்பர்.