வூ வெய்யேயின் இரண்டாம் பதவி

1644ஆம் ஆண்டு கிளர்ச்சிப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்தபோது, மிங் மரபின் சோங்சென் பேரரசர் அரண்மனைக்குப் பின்புறமுள்ள குன்றில் தூக்கிட்டு உயிர்நீத்தார். சில வாரங்களில் மஞ்சூக்கள் தலைநகரைக் கைப்பற்றித் தங்கள் சிங் ஆட்சியை அங்கே நிறுவினர். ஆட்சிப்பணித் தேர்வில் வென்று பதவியேற்ற புலவர்களுக்கு அந்த மாற்றம் தாங்கொணாத ஒரு கேள்வியை எழுப்பியது. ஓர் அரச மரபிடம் பதவி பெற்றவர் மற்றொன்றிடம் பணியாற்றுவது கன்பூசிய அறத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்டதால், புதிய அரசை ஏற்காமல் ஒதுங்கியோர், ‘எஞ்சிய குடிகள்’ என்று பொருள்படும் ‘யிமின்’ என்னும் பெயரால் போற்றப்பட்டனர். கு யென்வூ அவர்களுள் ஒருவர்; சிங் அரசுக்குப் பணியாற்றலாகாது என்று சொல்லிவிட்டு 1645இல் உண்ணாநோன்பிருந்து இறந்த வளர்ப்புத் தாயின் சொல்லை அவர் இறுதிவரை காத்தார்.

கவிஞர் வூ வெய்யேக்கு அந்த உறுதி வாய்க்கவில்லை. 1609இல் பிறந்த அவர் 1631ஆம் ஆண்டின் அரண்மனைத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். அத்தேர்வில் முறைகேடு நடந்ததென்று புகார் எழுந்தபோது, சோங்சென் பேரரசரே விடைத்தாளை வாசித்துப் பாராட்டியதோடு, இளைஞர் ஊருக்குச் சென்று திருமணம் செய்துகொள்ள விடுப்பும் அளித்தார். ஆகவே வூ பட்ட கடன் மிங் மரபு என்னும் பொதுப்பெயருக்கு மட்டும் உரியதன்று. தூக்கில் தொங்கிய அந்த மனிதருக்கே உரியது. சிங் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் தம் ஊரான தைத்சாங்கில் ஒதுங்கி வாழ்ந்த அவர், அழைப்பும் நெருக்குதலும் மிகுந்து, மறுத்தால் என்ன நேருமோ என்று முதிய பெற்றோரும் அஞ்சிய நிலையில், 1653இல் பெய்ஜிங்குக்குப் புறப்பட்டார். அரசுக் கல்விக்கழகத்தின் தலைமைப் பதவிவரை உயர்ந்தபின், குடும்பத்தில் நேர்ந்த இறப்புக்குத் துக்கம் காப்பதைக் காரணமாக்கி ஊர் திரும்பினார். பணியாற்றிய காலம் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. அது அளித்த வேதனையோ அவர் 1672இல் இறக்கும்வரை நீடித்தது.

மஞ்சூக்களுக்கு ஷான்ஹாய் கணவாயைத் திறந்துவிட்ட தளபதி வூ சான்குய், தம் காதலி சென் யுவன்யுவனுக்காகவே அவ்வாறு செய்தார் என்ற செய்தியை வைத்து வூ பாடிய நெடும்பாட்டு பெரும்புகழ் பெற்றது. அந்தத் தளபதியைக் கடுமையாகச் சாடும் அப்பாட்டு, வூ தாமே பணிவதற்கு முன் எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்டு அதை வாசிக்க இயலாது. பிற்காலக் கவிதைகளில் அவர் தமக்காக வாதாடவில்லை. பெற்றோரைக் காரணம் காட்டித் தப்பிக்கவுமில்லை. சாக வேண்டிய வேளையில் சாகாமல் போனதைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். கறைபடாத யிமின் புலவர்களின் பாடல்களுக்கு இல்லாத ஒரு கனம் இக்கவிதைகளுக்கு உண்டு. ஏனெனில் ஊன்றி நிற்க ஓர் அறநிலைகூட இல்லாத இடத்திலிருந்து இவை எழுதப்பட்டன. தமக்குத் துறவி உடை அணிவித்துப் புதைக்க வேண்டும் என்றும், கல்லறைக் கல்லில் எந்தப் பதவியையும் குறிக்காமல் கவிஞர் என்று மட்டும் பொறிக்க வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார்.

1776இல் சிங் மரபின் சியன்லொங் பேரரசர், இரு மரபுகளுக்கும் பணியாற்றியோரைத் தனியே பிரித்து அவர்தம் வரலாறுகளைத் தொகுக்க ஆணையிட்டார். அவர்களின் சரணாகதியால் பயனடைந்தது அவருடைய சொந்த மரபே என்பதை நினைத்தால், அந்த ஆணையின் அநீதி நெஞ்சை உறுத்துகிறது. நான்ஜிங் சிங் படையிடம் சரணடைந்தபோது முன்னின்ற புலவர் ச்சியன் ச்சியன்யியின் நூல்களை அழிக்கச் சொன்ன அதே பேரரசர், வூ வெய்யேயை அந்த வரலாற்றுத் தொகுப்பில் சேர்த்தபோதும், அவருடைய கவிதைகளைத் தம் மாபெரும் நூல்தொகுதிக்குள் அனுமதித்தார்.