மூடிய கதவை மதிப்போம்

2020 மார்ச்சில் கொவிட்-19 காரணமாக இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் ‘சூம்’ வழியே வீடுகளுக்குள் வந்தன. “வீட்டிலிருந்தே வேலை, பெண்களுக்கு எவ்வளவு வசதி!” என்றார்கள் உறவினர்கள். விரிவுரையாளரான என் சாச்சியைப் பார்த்த எனக்கு அது பாதி உண்மையாகவே பட்டது.

பயணக் களைப்பு இல்லை. பதிவுசெய்த விரிவுரையை மாணவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கலாம். இவை நன்மைகள்தான். ஆனால் டேட்டாவை மிச்சம்பிடிக்க மாணவர்கள் கமெராவை நிறுத்திவிடுவார்கள். “விளங்குதா பிள்ளைகள்?” என்று கேட்டால் மௌனமே பதில். மாணவர் முகம் பார்த்துப் பாடத்தின் வேகத்தைக் குறைக்கும் வாய்ப்பு ஆசிரியருக்கு இல்லாமற் போனது. 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது குரலும் இடையில் அறுந்தது.

விரிவுரையாளரின் கடமை கற்பித்தலோடு முடிவதில்லை. ஆய்வும் செய்ய வேண்டும். சமையல், பிள்ளைகள், விருந்தாளிகள் எல்லாம் ஓய்ந்து, இரவு 11 மணிக்குத்தான் சாச்சி தன் ஆய்வுக் கட்டுரையைத் திறப்பார். அதே வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்த்த சாச்சாவை யாரும் தேநீர் கேட்டு அழைத்ததில்லை.

ஒருநாள் உம்மம்மா சாச்சியின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, “அவ இப்ப கெம்பஸில இருக்கா, அஸருக்குப் பிறகு வாங்க” என்று வந்தவர்களிடம் சொன்னார். அதன்பின் பகலிலும் சாச்சிக்கு இரண்டு மணிநேரம் கிடைத்தது.

வீட்டிலிருந்து செய்யும் வேலை சிறக்க மடிகணினியும் இணையமும் மட்டும் போதாது. பெண்ணின் வேலையையும் வேலையென்று ஏற்கும் வீடு வேண்டும். நாளை நாங்களும் பட்டம் பெற்று வேலைக்குப் போவோம். பெற்றோரே, அந்தக் கதவை எங்களுக்கும் சாத்தித் தருவீர்களா?