நான்கு டயர்கள்

எங்கள் டொயோட்டா ராவ்-4 வண்டி 2010ஆம் ஆண்டு மாடல். விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது; அதற்குப் போய் நான்கு புது டயரா என்கிறாள் மனைவி. கணக்கு சரிதான். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். சட்டத்துக்கு யாரோ ஓட்டிக் கழித்த டயரும் போதும்.

ஆனால் டயருக்கும் வயதுண்டு. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 3814 என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் தயாரானது. பள்ளங்கள் ஆழமாகத் தெரிந்தாலும், வருடங்கள் போகப் போக ரப்பர் இறுகிவிடும். இறுகிய ரப்பர் பனித்தரையைப் பற்றாது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே என்ற தைரியமும் பாதிதான். அந்த வசதி வண்டி கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக்கை மிதிக்கும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது உள்ளங்கை அகல ரப்பர், நான்கு இடத்தில்.

இந்தக் குளிர்காலம் அந்த வண்டியில் சீஜெப் கல்லூரிக்குப் போகப்போவது மகள். பனியில் அவள் தனியாக ஓட்டுவது இதுதான் முதல்முறை. வண்டியின் விலையைப் பார்த்து டயர் வாங்க எனக்கு மனம் வரவில்லை. நான்கும் புதிதாகவே சொல்லிவிட்டேன். மாட்டுவதற்கு முன் அந்த நான்கு இலக்கங்களை என்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.