ஆச்சியின் குரலுக்கு வழி

மறைந்துபோன என் ஆச்சியின் குரலைத் திருநெல்வேலியில் அம்மா நினைத்த நேரமெல்லாம் கேட்கிறாள். கொல்கத்தா லேக் மார்க்கெட் அருகே, அந்தக் குரலைத் தாங்கிய பழைய கணினிக்குப் பக்கத்து அறையில் குடியிருக்கும் எனக்கோ நெடுநாள் அது எட்டவில்லை! நண்பர்களே, இது முகவரிச் சிக்கல்.

பழைய முறைப்படி இணைய எண்கள் ஏறக்குறைய 429 கோடிதான். உலகுக்கு அவை போதா. ஆகவே 1996-இல் வகுத்த விதிப்படி, 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்குகின்றன. வெளியுலகுக்கு வீடு முழுவதற்கும் ஒரே எண். அதைத் தேடிவரும் அம்மாவின் கோரிக்கையை ரூட்டர் என் கணினிக்குத் திருப்பிவிடும். உள்ளிருந்தே அதே எண்ணைக் கேட்டால் சில ரூட்டர்கள் கைவிரிக்கும். வேறு சில, சேருமிடத்தை மட்டும் மாற்றும். கேட்டவனின் எண்ணை மாற்றா. கணினியோ தன் உள் எண்ணிலிருந்து நேரே விடை அனுப்பும். "உன்னை யார் கேட்டது?" என்று கைப்பேசி தள்ளிவிடும். வாசலில் கேட்டதற்குக் கொல்லையிலிருந்து பதில் வந்தால் வேறென்ன செய்யும், பாவம்!

உள் எண்ணையே தட்டலாமே என்பீர்கள். தெருவில் இறங்கியதும் அது உதவாது. ரூட்டரை மாற்றலாம், ஆராய்ச்சி மாணவன் கையில் மாதக் கடைசியில் காசேது? பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். ஒன்றை அதே கணினியில் வைத்து, வீட்டுக் கருவிகளெல்லாம் அதனையே கேட்கும்படி ரூட்டரில் குறித்தேன். வெளியார்க்குப் பொது எண், வீட்டார்க்கு உள் எண். பெயர் ஒன்றே ஆகையால் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் பழுதில்லை.

முயல்வோர் ஒன்று கவனியுங்கள். கைப்பேசியில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்று வேறொன்றைக் குறித்திருந்தால், அது வீட்டைக் கேளாமல் வெளியே ஓடிவிடும். முதலில் அதை நிறுத்துங்கள்.